அப்பாவுக்குப் பார்வை திரும்பிவிட்டது, அடுத்து என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை

அருமனை_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள். அப்பாவுக்கு இடது கண் சின்ன வயதில் அம்மை வந்தபோதே போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் ரப்பர் பால் வெட்டி எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். அந்த ஒற்றைக் கண்ணில் தென்னை ஓலை கீறி, புண்ணாகி, காளான் கிருமி பிடித்து, புண் ஆறின இடத்தில் பூ விழுந்துவிட்டது. பூ விழுந்த கண் அவ்வளவுதான் என்று ஊரும் சொன்னது, அன்றைக்குப் பார்த்த டாக்டரும் சொன்னார். அப்படியே பத்து வருடத்துக்குக் கிட்ட ஓடிவிட்டது.

போன வருடம் ஒரு கண் முகாமுக்குச் சித்தப்பா பிடிவாதமாகக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டாக்டர் உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, முன்னால் கருவிழிதான் மங்கிப்போயிருக்கிறது, மாற்றினால் தெரியும் என்றார். பெயர் பதிந்து காத்திருந்தோம், யாரோ ஒருவர் வீட்டில் அந்தத் துக்கத்திலும் கண்ணைக் கொடுத்திருக்கிறார்கள், அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி இப்போது ஐந்தாறு மாதம்.

தெரிகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் முகத்துக்கு நேரே கையை நீட்டி "இது எத்தனை விரல், சொல்லும் பாப்போம்" என்கிறார்கள். "நான் யாருன்னு தெரியுதா" என்று கேட்டுவிட்டு வேண்டுமென்றே பேசாமல் நிற்கிறார்கள். அப்பா விழிக்கிறார், அவர்கள் வாயைத் திறந்ததும் பெயர் சொல்லிவிடுகிறார். மரச்சீனிக் கிழங்கு தோல் உரிக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் உரிக்கிறார், திறந்தால் கத்தி வழி தப்புகிறதாம். சாயங்காலம் பின்பக்கத் திண்ணையில் லைட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, இனி எதற்கு என்று சொல்லி அவருடைய வெள்ளைக் கம்பைப் பரணில் தூக்கி வைத்துவிட்டான், அன்றிலிருந்து அப்பா முற்றத்தைத் தாண்டுவது இல்லை. கண் தெரியாத காலத்தில் தனியாகச் சாயாக்கடை வரைக்கும் போய் வந்த மனுசன்.

கம்பு வேண்டுமா வேண்டாமா? மாற்றுத்திறனாளி அட்டையும் பென்ஷனும் என்ன ஆகும்? இனி என்ன வேலை செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல்_ராஜா:
தங்கச்சி, முதலில் சந்தோஷம். பத்து வருட நரகம் முடிந்தது, அதை நினைத்துப் பாருங்கள். மற்றது எல்லாம் தானாகச் சரியாகும். கம்பை அடுப்பில் வையுங்கள், கையில் இருந்தால் மனசு பழைய இருட்டிலேயே நிற்கும். கொஞ்சம் கட்டாயப்படுத்தினால்தான் பழகுவார்.

தக்கலை_குரல்:
ராஜா அண்ணா, அது நரகம் என்று யார் சொன்னது? அந்த மகள் சொன்னாளா, அவள் அப்பா சொன்னாரா? அவர் தனியாகச் சாயாக்கடைக்குப் போய்வந்தார் என்றுதான் எழுதியிருக்கிறாள்.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாலைக்கண் போலத் தொடங்கி, பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, கல்லூரி முடிக்கும்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிற நிலை. இது விழித்திரை வியாதி, கருவிழி மாற்றினால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் 2017 கடைசியில் ஒரு மரபணு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள், என்னுடையது அந்த வகை இல்லை. அதனால் பார்வை திரும்புகிற கதை எனக்குக் கிடையாது. ஆனால் நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், தக்கலையில் பஸ் ஏறி நாகர்கோவில் போய் வருகிறேன், கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக், இரண்டும் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருள். இரண்டுக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை. நோட்டு எண்ணத்தான் சிரமம். பழைய ஐந்நூறையும் நூறையும் விரலை வைத்தே பிரித்துவிடுவேன், புது நோட்டு வந்தபிறகு நூறு, இருநூறு, ஐந்நூறு மூன்றும் ஒரே அகலம், நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்கிற, 2020ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த மணி ஆப்பைப் போனில் வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், கம்பை அடுப்பில் வையுங்கள் என்று வாசித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உன் அப்பா பத்து வருடம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை மக்களே. காதால், கையால், காலால் ஒரு முழு வாழ்க்கையைப் படித்து வைத்திருக்கிறார். கண் வந்ததும் அதையெல்லாம் ஒரே நாளில் பிடுங்கிப் பரணில் போட்டால் மனுசன் எதைப் பிடித்து நடப்பார்? கண்ணை மூடிக் கிழங்கு உரிக்கிறாரா, உரிக்கட்டும். விரல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கம்பை இன்றைக்கே எடுத்துக் கொடு.

கண்வார்டு_அக்கா:
நான் கண் ஆஸ்பத்திரி வார்டில் பல வருடமாக வேலை பார்க்கிற நர்ஸ். தக்கலை_குரல் சொன்னதில் பாதி என் தொழில் அனுபவமும் சொல்கிறது. மீதியை மருத்துவக் கணக்கில் சொல்கிறேன்.

கருவிழி என்பது கடிகாரத்து மேல் கண்ணாடி மாதிரி. அது மங்கினால் உள்ளே முள் ஓடினாலும் மணி தெரியாது. உன் அப்பாவுக்கு மாற்றினது அதைத்தான். முழுக் கண்ணையும் யாரும் மாற்றுவது இல்லை, மாற்றவும் முடியாது. இந்த ஆபரேஷன் புதிதும் இல்லை, முதன்முதலில் வெற்றியாக நடந்தது 1905ல், எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் செய்தார். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால்தான் மற்ற உறுப்புகளைப் போல ரத்த வகை பார்த்துக் காத்திருக்க வேண்டியது இல்லை.

சரி, ஏன் இன்னும் சரியாகத் தெரியவில்லை? முழுக் கனத்துக்கும் மாற்றியிருந்தால் சுற்றிலும் முடியை விட மெல்லிய நைலான் தையல் போட்டிருப்பார்கள், பொதுவாகப் பதினாறு. அந்தத் தையல் இழுக்கிற இழுப்பில் கருவிழி ஒரே வளைவாக இருக்காது, ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் சரிவு. உருவம் நீண்டு, சாய்ந்து, இரட்டையாகக்கூடத் தெரியும். கண்ணாடிக் கடையில் சிலிண்டர் பவர் என்கிறார்களே, அதுதான், அதிக அளவில். தையலை ஒரேயடியாக எடுக்க மாட்டார்கள், அளந்து பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பார்வை ஒரு நிலைக்கு வர ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். கத்தி வழி தப்புகிறது என்று அப்பா சொல்வது முழு உண்மை. இப்போது அவர் கண் காட்டுகிற கத்தி கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. விரல் எண்ணச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லு.

இதை எழுதிச் சுவரில் ஒட்டி வை: கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், நேற்று தெரிந்த அளவு இன்று தெரியாவிட்டால், வலித்தால், இந்த நாலில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்று இருக்கக் கூடாது. உடம்பு புதுக் கருவிழியை ஏற்காமல் தள்ளுகிற அறிகுறி அது. சீக்கிரம் போனால் மருந்தை ஏற்றிப் பெரும்பாலும் காப்பாற்றலாம், வைத்துக்கொண்டிருந்தால் போய்விடும். கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தினால் தையல் தளர்ந்திருக்கலாம், அதற்கும் ஓடவேண்டும். சொட்டு மருந்தை நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தக் கூடாது. அது ஸ்டீராய்டு, கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றும், அதனால் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் பார்த்தார்களா என்று நீ கேள்.

குலசேகரம்_பால்வெட்டு:
அக்கா, நானும் ரப்பர் வெட்டுக்காரன்தான். இழையை மாற்றுகிறேன் என்று நினைக்கவேண்டாம், இதே தொழில் என்பதால் கேட்கிறேன். ஓலை, கம்பு, மரப்பட்டை கண்ணில் பட்டால் எங்கள் பக்கம் முதலில் தாய்ப்பால் விடுவார்கள், இல்லையென்றால் விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு. மெடிக்கலில் கேட்டால் ஒரு சொட்டு மருந்து தருவார்கள், சிவப்பு உடனே போகும். அது சரியா? அப்புறம் ரப்பர் ஷீட்டுக்கு ஆசிட் கலக்கும்போது தெறித்தால்?

கண்வார்டு_அக்கா:
தாய்ப்பால், எண்ணெய், சாறு எதுவும் வேண்டாம் அண்ணா. அந்த மெடிக்கல் சொட்டு மருந்துதான் இவை எல்லாவற்றையும் விட மோசம். உடனே சிவப்பு போகிற மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். ஓலையும் பட்டையும் கீறினால் நம் பக்கத்து ஈர மண்ணில் காளான் கிருமி உள்ளே போக நிறைய வாய்ப்பு. ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே காளானை வளர்த்துவிடும். ஒரு வாரம் கழித்து வருகிறவர்களுக்குக் கருவிழி நடுவில் வெள்ளைச் சீழ். சரியான வழி என்னவென்றால், புண்ணைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, காளான் என்றால் நேட்டாமைசின் சொட்டு, ஆரம்பத்தில் ஒரு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் எழுந்து. வாரக்கணக்கில் போகும். வேறு விலை கூடின மருந்தை விட இதுவே இழைக் காளானுக்கு நல்லது என்று நம் நாட்டிலேயே நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2013ல் வந்தது. வலி பெரிதாக இல்லை என்று இருந்துவிடாதீர்கள், காளான் புண் ஆரம்பத்தில் அவ்வளவு வலிக்காது.

ஆசிட்டுக்கு ஒரே மருந்து தண்ணீர். வண்டியைத் தேடாமல், ஆளைக் கூப்பிடாமல், நிற்கிற இடத்திலேயே. ஃபார்மிக் ஆசிட் பட்டால் இமையை விரித்துப் பிடித்து இருபது முப்பது நிமிடம் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இமைக்கு அடியிலும். அப்புறம் ஆஸ்பத்திரி. ரப்பர் பாலில் சேர்க்கிற அமோனியா இன்னும் மோசம், ஆசிட் மேலே கருக்கும், காரம் உள்ளே ஊடுருவிப் போகும். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றவேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். இப்படிக் கருகின கண்ணுக்குக் கருவிழி மட்டும் மாற்றினால் நிற்காது, கருவிழி ஓரத்தில் இருக்கிற மூல செல்களும் செத்திருக்கும். நல்ல கண்ணிலிருந்து கடுகளவு எடுத்து இதில் நடுகிற சிகிச்சையை ஹைதராபாத்தில் உருவாக்கி 2012ல் வெளியிட்டார்கள், பலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்கு இன்னொரு கண் நன்றாக இருக்கவேண்டும். நூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள் அண்ணா.

நாகர்கோவில்_ஓய்வாசிரியர்:
அருமனை மகளே, நீ எழுதினதில் சாயங்காலம் லைட் போடாமல் உட்காருகிறார் என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். இங்கிலாந்தில் சிட்னி பிராட்ஃபோர்ட் என்று ஒருவர். பத்து மாதக் குழந்தையாக இருக்கும்போது பார்வை போனது, 52 வயதில் கருவிழி மாற்றிக் கண் தெரிந்தது. ரிச்சர்ட் கிரெகரி என்ற உளவியலாளர் அவரைக் கூடவே இருந்து கவனித்து 1963ல் விவரமாக எழுதியிருக்கிறார். தொட்டுப் படித்த பெரிய எழுத்துகளைக் கண்ணால் பார்த்ததும் வாசித்துவிட்டார், சுவர்க் கடிகாரத்தில் மணி சொன்னார், தொட்டறியாத பொருளைத்தான் அடையாளம் சொல்ல முடியவில்லை. கண் தெரியாதபோது தைரியமாக ரோட்டைக் கடந்தவர் கண் தெரிந்தபிறகு பயந்து நின்றார். ராத்திரி லைட் போடாமல் இருட்டில் உட்கார ஆரம்பித்தார். மனச்சோர்வு பிடித்தது, 1960ல் இறந்துவிட்டார்.

பயமுறுத்த எழுதவில்லை. உன் அப்பா வேறு, அவர் உங்களைப் படிக்க வைத்த காலத்தில் எல்லாம் பார்த்தவர், மூளைக்குப் பார்க்கத் தெரியும், பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பிறவியிலேயே பார்க்காத பிள்ளைகளுக்குக்கூடப் பழக்கம் வருகிறது. பவன் சின்ஹா என்ற மூளை ஆய்வாளர் நம் நாட்டில் நடத்துகிற புராஜெக்ட் பிரகாஷ் என்ற திட்டத்தில், ஆபரேஷன் ஆன பிள்ளைகளால் கையால் தொட்ட பொருளைக் கண்ணால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் சில நாளிலேயே வந்துவிட்டது என்று 2011ல் எழுதினார்கள். எல்லாரும் பிராட்ஃபோர்ட் ஆவதில்லை. ஆனால் கண் வந்தாச்சே, இனி என்ன குறை என்று சுற்றி இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த மனுசன் தன் கஷ்டத்தை யாரிடம் சொல்வார்? அதை ஒரு தடவை நீ உட்கார்ந்து கேள். இருட்டில் உட்கார்ந்திருந்தால் லைட்டைப் போட்டு எழுப்பாதே, நீயும் பக்கத்தில் போய் உட்காரு.

குளச்சல்_ராஜா:
தக்கலை அக்கா, நரகம் என்ற வார்த்தை உங்களுக்கு வலித்தது புரிகிறது. நான் நினைத்தது கடலுக்குப் போகிற எங்கள் ஆட்களை. கண் போனால் அவனுக்கு வள்ளத்தில் இடம் இல்லை, வீட்டில் வருமானம் இல்லை. அதனால் பார்வை வந்தாலே எல்லாம் வந்தது என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

தக்கலை_குரல்:
சரி அண்ணா, இப்போது நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் பாருங்கள், அங்கே அவனை உட்கார வைத்தது கண் மட்டும் இல்லை, வலை பின்ன, பழுது பார்க்க, விற்கிற கணக்கைப் பார்க்க அவனைக் கூப்பிட யாரும் இல்லாததும்தான். பார்வை திரும்புவது நல்ல செய்தி, எனக்கு அதில் பொறாமை கிடையாது. திரும்பாதவர்களும் இதே ஊரில், இதே பஸ்ஸில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு அந்தச் செய்தியைக் கொண்டாடாதீர்கள் என்கிறேன்.

முட்டம்_வலை:
கடலுக்குப் போகிறவன் கதை வந்ததால் எழுதுகிறேன். எனக்கு ஒரு கண் தூண்டில் முள் குத்திப் போனது. மறு கண் நன்றாகத் தெரியும். சான்றிதழுக்குப் போனால் 30 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 40 இருந்தால்தான் எதுவும் கிடைக்கும். ராத்திரி வள்ளத்தில் ஒரு பக்கம் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, கயிறு எந்தத் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு வராது, ஆனால் காகிதத்தில் நான் நல்ல ஆள். அருமனைத் தங்கச்சி அப்பாவுக்கும் இப்படித்தான் ஆகும் என்று பயமாக இருக்கிறது.

தக்கலை_குரல்:
முட்டம் அண்ணா சொன்னது சரி, ஒரு கண் முழுதும் போய் மறு கண் கண்ணாடியோடு 6/18 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் 30தான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு வந்த அளவுகோல் அது. 6/18 என்றால், நல்ல கண் உள்ளவர் 18 மீட்டரில் நின்று படிக்கிற எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிப்பார். அருமனை அப்பாவுக்குக் கணக்கு வேறு. இடது கண் சுத்தமாக இல்லை. வலது கண் கண்ணாடி போட்டும் 6/24க்கும் 6/60க்கும் நடுவில் என்றால் அவருக்கு 60 சதவீதம், குறைபார்வை வகையில் வரும். அட்டை அப்படியே இருக்கும்.

ஆனால் 6/24ல் இருந்து 6/18க்கு வந்தால் 60 ஒரேயடியாக 30 ஆகிவிடும். பலகையில் ஒரு வரி கூடத் தெரிவதற்கு இந்த விலை. இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பயத்தில் கண்ணாடி போடாமல் இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். மாதப் பென்ஷன், பஸ் பாஸ், இதை நம்பி அரிசி வாங்குகிற வீடு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு கண் இல்லாதவனுக்கு 40 கொடுக்காத அந்த அளவுகோலைத்தான் மாற்றவேண்டும், நாம் சேர்ந்து கேட்கவேண்டியது அதை.

அப்பாவுடைய சான்றிதழை எடுத்துப் பார், நிரந்தரமா தற்காலிகமா என்று அதிலேயே இருக்கும். தற்காலிகம் என்றால் தேதியும் இருக்கும். தையல் எல்லாம் எடுத்துக் கண்ணாடி எழுதின பிறகு சான்றிதழ் கொடுக்கிற மருத்துவ போர்டுக்குப் போவதுதான் நியாயம், இப்போது மாறிக்கொண்டே இருக்கிற பார்வையை அளந்து ஒரு பிரயோசனமும் இல்லை. இதை அறுவை செய்த டாக்டரிடமே எழுதி வாங்கு.

கண்வார்டு_அக்கா:
ஒன்று சேர்க்கிறேன். ஒற்றைக் கண்ணை வைத்து வாழ்கிறவர்கள், முட்டம் தம்பி உள்பட, பவர் இல்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போடுங்கள். இருப்பது ஒன்றுதான்.

தேங்காப்பட்டணம்_பேத்தி:
எங்கள் பாட்டிக்கு 80க்கு மேல், படுக்கையில் இருக்கிறார். கண் கொடுக்கணும் என்று அவரே சொல்கிறார். சர்க்கரை இருக்கிறது, புரை ஆபரேஷனும் ஆகியிருக்கிறது. எடுப்பார்களா? மாமா இரண்டு பேரும் துபாயில், அவர்கள் வந்து பார்க்கும்வரை எதுவும் செய்யக் கூடாது என்று வீட்டில் ஒரு பேச்சு.

கண்வார்டு_அக்கா:
எடுப்பார்கள் மக்களே. வயசு, சர்க்கரை, பிரஷர், கண்ணாடி, புரை ஆபரேஷன் எதுவும் தடை இல்லை. எய்ட்ஸ், மஞ்சள் காமாலை பி மற்றும் சி கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் மாதிரி சிலவற்றில்தான் எடுக்கமாட்டார்கள். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். நம் மாவட்டத்தில் பாதி வீட்டில் பிள்ளைகள் வளைகுடாவில், விமானம் பிடித்து வரும்வரை ஐஸ் பெட்டியில் வைப்போம், அதற்குள் அந்த ஆறு மணி நேரம் போய்விடும். அதனால் பந்தல்காரனுக்கு முன்னால் கண் வங்கிக்குப் போன் போகவேண்டும். அவர்கள் வருகிறவரை இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்கு ஒரு தலையணை. வேலை இருபது நிமிடம், முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், மாமா வந்து பார்க்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர்களிடம் இன்றைக்கே வீடியோ காலில் பாட்டியையே பேசச் சொல்லு, அந்த நேரத்தில் வாக்குவாதம் வரக்கூடாது.

நாகர்கோவில்_ஓய்வாசிரியர்:
என் மனைவி கண் கொடுத்தவள். அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாள் என்று என் காதுபடவே சொன்ன உறவினர் இருந்தார்கள். நான் பதில் பேசவில்லை, கையெழுத்துப் போட்டேன். யாருக்கு வைத்தார்கள் என்று சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆனாலும் இந்த இழையைப் படிக்கும்போது அருமனை அப்பா முற்றத்தைத் தாண்டி நடந்தால் தேவலை என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அருமனை_மகள்:
எல்லாருக்கும் நன்றி. சில வாரம் கழித்து எழுதுகிறேன், அதற்குள் நிறைய நடந்துவிட்டது.

தம்பியை உட்கார வைத்துக் கண்வார்டு அக்கா எழுதினதை வாசித்துக் காட்டினேன், மறுபேச்சு பேசாமல் அவனே பரணில் ஏறிக் கம்பை இறக்கிக் கொடுத்தான். அப்பா அதைக் கையில் வாங்கி மடக்கி விரித்துப் பார்த்தார், மறுநாள் காலை சாயாக்கடைக்குப் போய்விட்டார். இப்போது வெயிலில் கறுப்புக் கண்ணாடி, ஒரு கையில் கம்பு. மேடு பள்ளம் கம்பு சொல்கிறது, எதிரில் வண்டி வருவதைக் கண் சொல்கிறது, அவருக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. கடையில் ஒருவர் "கண்ணு தெரிஞ்ச பிறகும் கம்பு எதுக்கு" என்று கேட்டாராம், "நடக்கியதுக்கு" என்றாராம் அப்பா.

விரல் எண்ணச் சொல்கிறவர்களை அம்மா வாசலிலேயே நிறுத்துகிறாள். யார் வந்தாலும் முதலில் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள் என்று சொல்லிவிட்டோம். சாயங்காலம் பற்றி நான் கேட்டேன் சார். பகல் முழுக்க எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்து விழுகிறது, தலை வலிக்கிறது, இருட்டினால்தான் நிம்மதி என்றார். எனக்குக் கண் கொடுத்தவர் வீட்டில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்களோ என்று தினமும் அந்த நேரத்தில்தான் நினைப்பு வருகிறது என்றும் சொன்னார். நாங்கள் சோகம் என்று நினைத்ததில் பாதி இதுதான். இப்போது பக்கத்தில் நானும் உட்காருகிறேன், ரேடியோ கேட்கிறோம்.

நாலு தையல் எடுத்தாயிற்று. கண்ணாடியோடு 6/36 வந்திருக்கிறது. சான்றிதழ் நிரந்தரம் என்றுதான் இருக்கிறது, ஆனாலும் பார்வை ஒரு நிலைக்கு வந்ததும் நாங்களே போய்ப் புதிதாக அளந்துகொள்வது என்று அப்பா சொல்லிவிட்டார். கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போட்டால் இன்னும் தெளிவாகும், 6/18 கூட வரலாம் என்கிறார் டாக்டர். அட்டை போய்விடும் என்று அம்மாவுக்குக் கவலை. அப்பா லென்ஸ் வேண்டும் என்கிறார், பேத்தி நோட்டில் எழுதுவதைப் படிக்கணுமாம். அதைச் செய்யப் போகிறோம், பென்ஷன் நின்றால் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலைதான் முடிவாகவில்லை. விடியற்காலையில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு வெட்டப் போகவேண்டாம், சரிவில் விழுந்து கண்ணில் அடிபட்டால் தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற புகைப்புரைப் பக்கமும் போகக் கூடாது. கண் தெரியாத காலத்தில் பக்கத்து விளைக்காரர்களுக்கு வெட்டுக்கத்தி தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார், பெருவிரலை வைத்தே முனை வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். அதைத் திரும்பத் தொடங்கலாமா என்று யோசிக்கிறார்.

குலசேகரம்_பால்வெட்டு:
தங்கச்சி, என்னிடம் மூன்று கத்தி முனை மழுங்கிக் கிடக்கிறது, எங்கள் பக்கம் இப்போது கத்தி தீட்டத் தெரிந்த ஆளே இல்லை. எல்லாரும் கடையில் கிரைண்டரில் வைத்து முனையைக் கெடுத்துவிடுகிறார்கள். இன்னும் நாலைந்து பேர் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரட்டுமா?

கண்வார்டு_அக்கா:
தீட்டட்டும். கிரைண்டர் மட்டும் கூடாது, பொறி பறக்கும். தண்ணீர் விட்டுக் கல்லில், கண்ணாடி மாட்டிக்கொண்டு. தீட்டின கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது, சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவணும்.

அருமனை_மகள்:
அப்பா எப்போதும் கல்லில்தான் தீட்டுவார் அக்கா, கிரைண்டர் அவருக்குப் பிடிக்காது. கண்ணாடிக்கு நான் பொறுப்பு. அண்ணா, ஞாயிறு பத்து மணிக்கு மேல் வாருங்கள், எட்டு மணிச் சொட்டு மருந்து விட்டு ஆராதனைக்குப் போய்வர அந்த நேரம் ஆகிவிடும்.